யூலாலியின் மீன், செலஸ்தீனின் துணி

மீன் யூலாலியுடையது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை.

"வேற என்ன வேணா எழுதிக்கோ. என் மூக்கு சப்பைன்னு எழுது. என் புருஷன் திரும்பி வரலைன்னு எழுது. ஆனா மீன் முதல்ல வரணும். துணி அப்புறமா வரட்டும்" என்றாள்.

துணி என் அம்மா செலஸ்தீனுடையது. இந்தக் கதையை எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்று சில நாள் தோன்றுகிறது. எழுதவே கூடாத ஆள் நான்தான் என்று மற்ற நாட்களில்.

யூலாலி என் ஞானத்தாய். எங்கள் தீவில் ஞானத்தாயை நென்னென் என்று கூப்பிடுவோம். மோர்ன் காப்ரி மலையில் எங்களுக்கு அடுத்த வீடு அவளுடையது. தோட்டத்தில் கோக்கோ மிதிப்பது அவள் வேலை. காய்ந்த விதைகளைக் களத்தில் குவித்துத் தண்ணீர் தெளித்து, அதன் மேல் வெறுங்காலோடு ஆட வேண்டும். விதைகள் ஒன்றோடொன்று உரசிப் பளபளக்கும் வரை நிறுத்தக் கூடாது. அவளைப் போல ஆட மலையில் ஆள் இல்லை என்பார்கள். அவளும் அப்படித்தான் சொல்வாள். இன்னொருத்தி நன்றாக ஆடுகிறாள் என்று யாராவது சொல்லிவிட்டால், "அவ ஆடுறாளா? நான் எறும்பு கடிச்சுதோன்னு நெனச்சேன்" என்பாள்.

பொறாமைக்காரி என்று ஊரில் அவளுக்குப் பெயர். அதை அவள் மறுத்ததில்லை. "மத்தவங்க பொறாமைப்பட ஏதாவது ஒண்ணு என்கிட்ட இருந்திருந்தா, நானும் சாதுவா இருந்திருப்பேன்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

நான் ஜமைக்காவில் மூன்று வருஷம் வரலாறு படித்துவிட்டு வந்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அங்கே நூலகத்தில் எங்கள் தீவுச் சட்டசபையின் பழைய நடவடிக்கைக் குறிப்புகள் கிடைத்தன. மோர்ன் காப்ரி உறுப்பினர் 'சபையின் மாண்புக்குப் பொருந்தாத ஒரு பொருளை' மேசை மேல் வைத்தார், மன்னிப்புக் கேட்க மறுத்தார், அதனால் நீக்கப்பட்டார் என்று இருந்தது. விடுமுறையில் வந்தபோது இதை நென்னெனிடம் படித்துக் காட்டினேன்.

"பொருளா?" என்றாள். "அது மீனுடி. என் முழங்கை நீளத்துக்கு மீனு."

அன்றைக்குத்தான் முழுக் கதையையும் சொன்னாள். அம்மா வேறு மாதிரி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ரம் கடையில் இன்னும் வேறு மாதிரி சொல்வார்கள். எல்லாவற்றையும் சேர்த்து எனக்குத் தெரிந்தவரையில் எழுதுகிறேன். அப்போது நான் கைக்குழந்தை. கதையில் என் பங்கு அவ்வளவுதான். ஆனால் அந்தப் பங்கு இல்லாமல் இருந்திருந்தால், இரண்டு பெண்களும் ஒரே நாளில் நடுத்தெருவில் கத்தித் தீர்த்திருப்பார்கள்.

காரணம் இதுதான். ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் ஏந்துகிற பெண்ணும், பெற்ற பெண்ணும் அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் மக்மே. சம்பந்திகளைவிட ஒரு படி மேலான உறவு. மக்மேயை ஒருமையில் கூப்பிடக் கூடாது. அவளோடு சண்டை போடக் கூடாது. அவளைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. மீறினால் பிள்ளைக்கு ஆகாது. பிள்ளை நான்.

அம்மா ஏன் யூலாலியைத் தேர்ந்தெடுத்தாள்? பாசத்தால் என்பாள் அம்மா. "என் வாயைக் கட்டத்தான் உங்கம்மா என்னைக் கூப்பிட்டா" என்பாள் நென்னென்.

இரண்டு பேருடைய புருஷன்மாரும் ஒரே பாய்மரக் கப்பலில் அரூபா தீவின் எண்ணெய் ஆலைக்கு வேலைக்குப் போனார்கள். அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது, டின் பால் வந்தது, ஒருமுறை மெட்ராஸ் துணி வந்தது. சிவப்பில் மஞ்சள் கட்டம் போட்டது. அம்மா அதைத் தலையில் கட்டிக்கொண்டு பூசைக்குப் போனால், பாதிரியாரே ஒரு வரியை விட்டுவிட்டுப் படிப்பார் என்று பேச்சு. யூலாலியின் புருஷனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவன் அங்கே வேறு குடும்பம் வைத்துவிட்டான் என்ற செய்தி மட்டும் வந்தது. மாவு மூட்டைத் துணியைத்தான் அவள் தலையில் கட்டுவாள்.

"அதே கப்பல், அதே கடல், அதே கம்பெனி" என்பாள். "அவளுக்குத் துணி வந்துச்சு. எனக்குக் காத்து வந்துச்சு."

மக்மேயைத் திட்ட முடியாது. ஆகவே பாராட்டுவாள்.

"மக்மே, உங்க வீட்டு ரொட்டி வாசனை எங்க வீடு வரைக்கும் வருதுங்க. கருகினாலும் என்ன ஒரு வாசனை!"

"ரொம்ப நன்றிங்க மக்மே. உங்க மூக்கு அவ்வளவு தூரம் வேலை செய்யறது பெரிய விஷயம்."

இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மகாராணியின் முடிசூட்டு விழா நடந்த மறுவருஷம் அது. கவர்னர் உப்பு மீனின் விலையை ஏற்றினார். தோட்டத்துக் கடையில் அந்த விலைக்குக் கிடைத்த மீனில் புழு நெளிந்தது. யூலாலி மாற்றித் தரச் சொன்னாள். கடைக்காரன் சிரித்தான். "புழுவுக்கு நாங்க தனியா காசு வாங்கலையேம்மா" என்றான். யூலாலி மீனின் வாலைப் பிடித்து, அப்படியே தொங்கவிட்டுக்கொண்டு, மலையிலிருந்து முச்சந்திக்கு இறங்கினாள்.

அங்கே அல்சீட் பாசில் நின்றிருந்தார். எங்கள் பகுதி உறுப்பினர். லாரி ஓட்டியவர், எல்லோருக்கும் ஓட்டுரிமை வந்த முதல் தேர்தலிலேயே ஜெயித்தவர். அன்றைக்குச் சபை கூடுகிற நாள். கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தார்.

"மிஸ்டர் பாசில், உங்களுக்கு மூக்கு இருக்கா?"

"காலங்காத்தால என்ன யூலாலி?"

"இருந்தா இதைப் பிடிங்க. அந்தப் பெரிய மேசையில எல்லாரும் சுத்தி உக்காந்து விலை போடுறீங்களே, இதை நடுவுல வெச்சுட்டுப் போடுங்க. கவர்னர் துரை ஒரு வாய் தின்னட்டும். அப்புறம் நான் தின்னுறேன்."

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டே. பாசிலும் சிரிக்கத்தான் பார்த்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மீனையே பார்த்தார். கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் அம்மா வந்தாள். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தடுப்பூசி போடப் போய்க்கொண்டிருந்தாள்.

"மிஸ்டர் பாசில், கோட்டுல ஒழுகுதுங்களே" என்று சொல்லிக்கொண்டே தலையிலிருந்து மெட்ராஸ் துணியை அவிழ்த்தாள். "இதுல சுத்திக்கோங்க."

யூலாலி பதறிவிட்டாள். "அந்தத் துணியையா, மக்மே?"

"துவைச்சா போயிடும் மக்மே."

நடந்தது இவ்வளவுதான். இதில் இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்கள். ஆனால் நென்னென் மேலே ஒன்று சொல்வாள். "நான் மீனைக் கொடுத்தப்போ எல்லாரும் மூக்கைப் பொத்தினாங்க. உங்கம்மா துணியை அவுத்தப்போ எல்லாரும் அவ தலைமுடியைப் பார்த்தாங்க. அப்பவே எனக்குத் தெரிஞ்சுது, மீன் என் கையை விட்டுப் போயிடுச்சுன்னு."

பாசில் சபையில் துணியைப் பிரித்து, மீனை மேசை நடுவில் வைத்தார். கவர்னர் சார்பில் தலைமை தாங்கிய வெள்ளைக்கார நிர்வாகியைப் பார்த்து, "நீங்கள் போட்ட விலையில் என் மக்கள் வாங்கியது. ஒரு வாய் சாப்பிடுங்கள்" என்றார். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். மீனிடம் வேண்டுமானால் கேட்கிறேன் என்றார். நகரத்து வக்கீல்களும் தோட்ட முதலாளிகளும் கை தூக்கி அவரை வெளியே அனுப்பினார்கள். மோர்ன் காப்ரிக்கு இடைத்தேர்தல் என்று அறிவிப்பு வந்தது. நீக்கப்பட்டவர் மறுபடி நிற்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. பாசில் நின்றார். அவரை எதிர்த்து எங்கள் தோட்டத்து மேலாளர் வில்மோட் துரை நின்றார். புழு மீன் விற்ற கடை அவருடைய கண்காணிப்பில்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முச்சந்தியில் பாசிலின் முதல் கூட்டம். மலை முழுக்க இறங்கி வந்திருந்தது. யூலாலி தன் ஒரே வெள்ளைப் பாவாடையைக் கஞ்சி போட்டு உடுத்தி, முன்வரிசையில் நின்றாள். தலைத் துணியைக்கூடப் புதிதாக வெளுத்திருந்தாள். மேடைக்கு ஏறும் மரப்பெட்டிக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருந்தாள். கூப்பிட்டால் ஏறுவதற்கு வசதியாக.

பாசில் பேசினார். மீன் என்று சொல்லும்போதெல்லாம் கூட்டம் கத்தியது. பிறகு கோட்டுக்குள்ளிருந்து அந்தத் துணியை எடுத்தார். துவைத்து மடித்து வைத்திருந்தார்.

"சபையில் இதைப் பிரித்தபோது நிர்வாகியின் முகம் வெளுத்தது. மோர்ன் காப்ரியின் ஒரு பெண், தன் தலையிலிருந்து எடுத்துக் கொடுத்த துணி இது. அந்தப் பெண் இங்கே வர வேண்டும்!"

அம்மா மேடை ஏறினாள். பாசில் துணியை அவள் கையில் கொடுத்தார். அவள் அதை அங்கேயே கட்டிக்கொண்டாள். ஒரு முனையை மேலே நிமிர்த்தி விட்டாள். அந்தக் காலத்தில் அது ஒரு அழகு. கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"மீன்காரி செலஸ்தீன் வாழ்க!"

எல்லோரும் கத்தினார்கள். பாசில் திருத்தவில்லை. அம்மாவும் திருத்தவில்லை.

"மீன் என்னுதுன்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல" என்பாள் அம்மா. அது உண்மைதான். "இல்லைன்னும் சொன்னதில்லையே" என்பாள் நென்னென். அதுவும் உண்மைதான். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் நான் வளர்ந்தேன்.

யூலாலி கீழே நின்று கை தட்டினாள். மக்மேக்குக் கை தட்டாமல் இருக்க முடியாது. பக்கத்தில் நின்றவள், "உங்க மக்மே ராணி மாதிரி இருக்காங்க" என்றாள். "ஆமா, ராணிதான்" என்றாள் யூலாலி. "எங்க மீனைத் தின்ன ராணி."

அதற்குப் பிறகு ஊரில் எங்கு திரும்பினாலும் மீன். சுவரில் சுண்ணாம்பால் மீன். பிள்ளைகள் தகரத்தில் வெட்டிய மீன். பாசிலின் லாரியில் அம்மா தலையில் துணி, கையில் தட்டு, தட்டில் ஒரு உப்பு மீன் என்று உட்கார்ந்து ஊர் ஊராகப் போனாள். 'மீனுக்குப் போடு' என்று ஒரு பாட்டு வந்தது. கோக்கோ களத்தில் பெண்கள் அதைப் பாடிக்கொண்டே ஆடினார்கள். யூலாலியும் ஆடியாக வேண்டும். தன் மீனைப் பற்றிய பாட்டில் அம்மாவின் பெயர் வரும்போதெல்லாம் அவள் கால் ஓங்கி விழுமாம். அந்த வாரம் விதை நிறைய உடைந்ததென்று கங்காணி ஏசினான்.

அவள் பாசிலைத் தேடிப் போனாள். வீட்டு முற்றத்தில் லாரிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். கால் மட்டும் தெரிந்தது. அந்தக் காலிடம் பேசினாள்.

"மிஸ்டர் பாசில், அந்த மீனை யார் கொடுத்தா?"

"நீதான் யூலாலி. மறப்பேனா?"

"அப்ப ஒரு தடவை மேடையில சொல்லுங்க. ஒரே தடவை. நான் லாரியெல்லாம் ஏறல. தட்டும் தூக்கல. யூலாலி ஜோசப்னு என் பேரு. அதைச் சொன்னா போதும்."

பாசில் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "இங்க பாரு. இப்ப அது உன் மீனும் இல்ல, செலஸ்தீன் மீனும் இல்ல. மக்களோட மீன்."

"மக்களோட மீன்னா, நான் யாருங்க?"

அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்றார். அடுத்த கூட்டம் வந்தது. சொல்லவில்லை. அதற்கடுத்த கூட்டத்துக்கு முன்பே மனுத்தாக்கல் நாள் வந்துவிட்டது.

அப்போது முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. வாக்குச் சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு படம் இருக்கும். எந்தப் படம் வேண்டும் என்று மனுக் கொடுக்கும்போது கேட்டு வாங்க வேண்டும். முதலில் வருகிறவருக்கு முதல் உரிமை. பாசிலுக்கு எந்தப் படம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதனால்தான் யாரும் அவசரப்படவில்லை.

நீதிமன்றக் கட்டடத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். முன்னால் மேளம், நடுவில் லாரி, லாரி மேல் அம்மா. எங்கள் ஊர்வலம் ஒரு ரம் கடையைத் தாண்டிப் போனதாகச் சரித்திரமே கிடையாது. ஒவ்வொரு கடையிலும் நின்றது, ஒவ்வொரு கடையிலும் அம்மா தட்டைத் தூக்கிக் காட்டினாள். போய்ச் சேர்ந்தபோது வில்மோட் துரையின் கார் வாசலில் நின்றிருந்தது. கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனவர் அவர். மீன் படத்தைக் கேட்டு வாங்கியே விட்டார்.

தேர்தல் அதிகாரி மீதமிருந்த படங்களை நீட்டினார். மரியாதையாக இருந்தது குடை ஒன்றுதான். பாசில் குடையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

மேளம் நின்றது. ஒரு கிழவர் கேட்டார், "குடையை எப்படித் தம்பி தின்னுறது?"

அன்றைக்கு யூலாலி சிரித்த சிரிப்பை மலை இன்னும் மறக்கவில்லை. செய்தி வந்தபோது களத்தில் இருந்தாள். விதைக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாளாம். "மீன் துரைகிட்டப் போயிடுச்சா? மீன்காரி இப்ப என்ன பண்ணுவாங்க? மழை வர்ற வரைக்கும் குடையைப் பிடிச்சுக்கிட்டு லாரில உக்காருவாங்களா?" கண்ணீர் வரச் சிரித்தாள். அம்மா அன்று சாயங்காலம் துணியை அவிழ்த்துப் பெட்டியில் வைத்தாள்.

மறுநாள் பாசில் யூலாலியின் வீட்டுக்கு வந்தார். அவர் அந்த வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அவள் கோக்கோ டீ போட்டுக் கொடுத்தாள்.

"யூலாலி, நீ மலையில வீடு வீடாப் போகணும். உன் பேச்சை எல்லாரும் கேப்பாங்க. குடைன்னு சொல்லு. மீனை மறக்கச் சொல்லு."

"நீங்க என் பேரைச் சொல்லுங்க, நான் போறேன்."

"எப்படிச் சொல்றது? இப்ப மேடையில மீன்னு வாயைத் திறந்தாலே அவனுக்கு ஒரு ஓட்டு. ஜெயிச்சப்புறம் சொல்றேன். சத்தியமா."

யூலாலிக்கு அப்போதுதான் புரிந்தது. இனி அந்த வார்த்தையையே யாரும் உச்சரிக்க மாட்டார்கள். அம்மாவை மீன்காரி என்று வாழ்த்தும்போது ஊரே கேட்டது. அவளுடைய முறை வரும்போது மீனையே தடை செய்துவிட்டார்கள்.

ஆனாலும் போனாள். பாசில் ஜெயிக்க வேண்டும் என்றுதான் போனாள். அதை நான் நம்புகிறேன். அந்தக் கடைப் புழு மீனைத் தின்ன வேண்டியவள் அவள்தானே, வில்மோட் துரை இல்லையே. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி வரும்.

"ஏம்மா குடை? மீன்தானே நம்மளுது?"

"மீனை விடுங்க. குடை மேல கோடு போடுங்க."

"செலஸ்தீனோட மீனாச்சே!"

அங்கேதான் அவளால் முடியவில்லை. "செலஸ்தீனோடதா? அவங்க என் மக்மே, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா கேளுங்க..." என்று ஆரம்பித்து, கடைக்காரன் சொன்னது, புழு நெளிந்தது, வாலைப் பிடித்துத் தொங்கவிட்டு இறங்கியது என்று முழுவதையும் நடித்துக் காட்டுவாள். கேட்பவர்கள் சிரித்து உருளுவார்கள். கடைசியில், "அதனால குடைக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். அவர்கள் மனசில் என்ன நின்றிருக்கும்? ஒரு வீட்டில் அவள் படியிறங்கும்போது உள்ளே யாரோ, "அப்ப மீனுக்குத்தானே?" என்று கேட்டது அவள் காதில் விழுந்ததாம். திரும்பிப் போய்த் திருத்தலாம் என்று நினைத்தாளாம். கால் வலித்ததாம்.

கோக்கோ மிதிக்கிற காலுக்கு வலியா என்று நான் கேட்கவில்லை.

வாக்குப்பதிவு எங்கள் பள்ளிக்கூடத்தில். வரிசை வாசலைத் தாண்டி மாமரம் வரை நின்றது. அம்மா தலையில் வெறும் வெள்ளைத் துணி, கையில் விரித்த குடை. வெயிலுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். யூலாலி அவளுக்கு முன்னால்.

"குடை உங்களுக்கு நல்லா இருக்கு மக்மே" என்றாள் யூலாலி. "மீனைவிட."

"நீங்களும் கொஞ்சம் நிழலுக்கு வாங்க மக்மே" என்றாள் அம்மா.

அம்மா குடையைச் சாய்த்துப் பிடித்தாள். யூலாலி வரவில்லை. வெயிலிலேயே நின்றாள்.

உள்ளே சாக்குத் திரைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட மேசை. நூலில் கட்டிய பென்சில். சீட்டில் இரண்டு படங்கள். அவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. மலை முழுக்கச் சொல்லி வந்தவளே அவள்தான். குடை பாசில், மீன் துரை.

"நான் அந்தப் படத்தைப் பார்த்தேன்" என்றாள் என்னிடம். "அதுக்குத் தலை இருந்துச்சு, கண்ணு இருந்துச்சு. நம்ம கடை மீனுக்கு ஏது தலை? என் மீன் அது இல்லைதான். ஆனா வாலு இருந்துச்சே. நான் பிடிச்சுத் தூக்கின வாலு. அதுக்குப் பக்கத்துல துரை பேரு எழுதியிருக்காம். எழுதினா என்ன? முதல்ல உங்கம்மா எடுத்துக்கிட்டா. அப்புறம் பாசில் மக்களோடதுன்னு எடுத்துக்கிட்டாரு. அப்புறம் துரை எடுத்துக்கிட்டாரு. திரைக்குப் பின்னால யாரும் இல்ல. நானும் மீனும்தான்."

மீன் மேல் கோடு போட்டாள்.

மக்களாட்சி பற்றி நான் எழுதிய கட்டுரைகளில் இந்த ஓட்டுக்கு இடமே இல்லை. அறியாமல் போட்ட ஓட்டு உண்டு, விலைக்கு விற்ற ஓட்டு உண்டு, பயத்தில் போட்ட ஓட்டு உண்டு. தன் மீனைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போட்ட ஓட்டு எந்த வகை? தப்பு என்று சொல்லத் தோன்றியது. பாசில் ஏன் ஒரு தடவை, ஒரே தடவை, அவள் பெயரைச் சொல்லவில்லை என்றும் தோன்றியது. இரண்டையும் சொல்லாமல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

பாசில் தோற்றார். கொஞ்ச வித்தியாசத்தில்தான். அவள் ஒருத்தியின் ஓட்டால் தோற்கவில்லை. மலை முழுக்க எத்தனையோ பேர், பாசிலுக்கு என்று நினைத்துக்கொண்டே சந்தோஷமாக மீன் மேல் கோடு போட்டிருந்தார்கள். ஒருவர் வெளியே வந்து, "போட்டாச்சு, பாசில் மீனுக்கே போட்டாச்சு" என்று சொன்னாராம். துரையின் ஆட்களே அவருக்கு ரம் வாங்கிக் கொடுத்தார்களாம்.

தோல்விக்கு மறுநாள் காலையில் குழாயடியில் பெண்கள் கூடியிருந்தார்கள். யாரும் பாட்டுப் பாடவில்லை. அம்மா வாளியோடு வந்ததும் ஒருத்தி ஆரம்பித்தாள்.

"வாங்க மீன்காரி. துரைக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்தீங்களே, அவர் வீட்டுல குழாய் இல்லையா?"

"லாரில ஏறி ஊர் ஊரா மீனைக் காட்டினது யாரு? நீங்கதானே?"

"அந்த நாத்தம் பிடிச்ச மீனை நீங்க கொண்டு வராம இருந்திருந்தா, பாசில் இன்னைக்கும் சபையில இருந்திருப்பாரு."

அம்மா அழவில்லை. வாளியைக் கீழே வைத்தாள். வரிசையில் நாலைந்து பேருக்கு முன்னால் யூலாலி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். வாளி நிரம்பி வழிந்தும் அவள் குழாயை மூடவில்லை.

"துணி என்னுது" என்றாள் அம்மா. "மீன் என்னுது இல்ல. மீன் என் மக்மேயோடது."

ஊர் முன்னால் அதைச் சொல்ல அவளுக்கு எத்தனையோ நாள் கிடைத்திருந்தது. இந்த நாளைத்தான் தேர்ந்தெடுத்தாள். கோபத்தில் சொன்னாளா, பயத்திலா, இல்லை அப்போதாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றா? "எனக்கே தெரியல" என்கிறாள் அம்மா.

எல்லோரும் யூலாலியைப் பார்த்தார்கள். தனக்குத் தெரியாது என்று அவள் சொல்லியிருந்தால் போதும். அந்தக் காலை நேரத்தில் மோர்ன் காப்ரியில் அந்த மீனை வேண்டும் என்று சொல்ல யாரும் இல்லை. யூலாலி குழாயை மூடினாள். தலைத் துணியைச் சரிசெய்துகொண்டாள். மாவு மூட்டையின் எழுத்து அதில் பாதி அழிந்து இன்னும் தெரிந்தது. ஒரு முனையை, அம்மா மேடையில் செய்ததைப் போலவே, மேலே நிமிர்த்தி விட்டாள்.

"ஆமா. என்னுதுதான். யூலாலி ஜோசப்போட மீனு. தோட்டத்துக் கடையில நான் வாங்கினது. வாலைப் பிடிச்சு மலையிலேர்ந்து நான் இறக்கினது. கவர்னர் மேசை வரைக்கும் போன மீனு. உங்கள்ல யாரோட மீனாவது அடுப்பைத் தாண்டிப் போயிருக்கா?"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். இன்னொருத்தி, "நீ ஒரு நாத்தம், உன் மீன் ஒரு நாத்தம்" என்றாள். யூலாலி அதையும் வாழ்த்து மாதிரி வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் பெயர் மீன் யூலாலி. திட்டாகத்தான் ஆரம்பித்தது. அவள் கூப்பிட்டவுடன் திரும்பிப் பார்த்து, "என்ன?" என்று கேட்பதால் திட்டு சீக்கிரம் செத்துப்போனது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. அதற்கடுத்த பொதுத்தேர்தலில் பாசில் ஜெயித்தார். நன்றி சொல்லும் கூட்டத்தில் அவள் பெயரைச் சொன்னாராம். அவள் போகவில்லை. இனி அது தேவையில்லை என்றாள்.

குழாயடியிலிருந்து இரண்டு பேரும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒன்றாகத்தான் மலை ஏறினார்கள். வழி ஒன்றுதானே. பாதி வழியில் யூலாலி கேட்டாள்.

"அந்தத் துணி என்ன ஆச்சு மக்மே?"

"கிழிச்சுட்டேன் மக்மே. பிள்ளைக்கு இடுப்புல கட்டுற அரைத்துணி ஆச்சு. எவ்வளவு துவைச்சும் வாடை போகல."

யூலாலி நின்றுவிட்டாள். வாளியிலிருந்து தண்ணீர் சிந்தியது.

"மெட்ராஸ் துணி அரைத்துணியா!" என்றாள். "பிறந்தா உங்க பிள்ளையா பிறக்கணும் மக்மே."